700-ஐத் தேடி: லீ கடற்கரையிலிருந்து லிசார்ட் முனை வரை

ஜூன் 10, 2025, செவ்வாய்: ஃபோர்டு, லீ-ஆன்-சோலண்ட்

லண்டன் விக்டோரியாவில் ஏறிய ரயில் அருண்டேல் கோட்டையைத் தாண்டியதும் ஃபோர்டு என்ற சின்ன ஸ்டேஷனில் நின்றது. ஏறியவரும் இல்லை, இறங்கியவரும் இல்லை. "இங்க என்னண்ணா இருக்கு, இப்படி எட்டிப் பாக்கறீங்க?" என்று கேட்டான் சித்தி மகன். சவுத்தாம்ப்டனில் வேலை பார்க்கிறவன், எனக்காக லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

இப்போது அங்கே இருப்பது திறந்தவெளிச் சிறைச்சாலை. 1958 வரை அது பிரிட்டிஷ் கடற்படையின் விமானத்தளம். 1955 ஆகஸ்டில் 703, 771 என்ற இரண்டு ஸ்குவாட்ரன்களை, அதாவது விமான அணிகளை, இங்கே ஒன்றாக்கி, 700 என்ற பழைய எண்ணை மறுபடி உயிர்ப்பித்தார்கள். அந்த 700-இன் தடம் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் போய்ப் பார்ப்பதுதான் இந்தப் பயணம்.

பிரிட்டிஷ் கடற்படை விமானப் பிரிவில் 800-இல் தொடங்கும் எண்கள் போர்முனைக்குப் போகிறவை. புத்தகங்களும் ஆவணப் படங்களும் அவற்றைப் பற்றித்தான். 700 வரிசை பின்னால் நிற்பது: பயிற்சி, சோதனை, பழுது பார்த்த விமானத்தை ஓட்டிப் பார்ப்பது. அந்த வரிசையின் முதல் எண்தான் நான் தேடுவது. கோயம்புத்தூர்க்காரனுக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். இரண்டாம் உலகப் போரில் பீளமேட்டிலேயே இவர்களுடைய விமானப் பழுதுபார்ப்புத் தளம் இருந்தது. அதற்கு வைத்த பெயர் கருடா. பின்னாளில் கொச்சியில் நம் கடற்படை அமைத்த தளத்துக்கும் அதே பெயர். பின்வரிசைக்காரர்கள் செய்த வேலையை யாரும் எழுதி வைக்கவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு அங்கிருந்தே உண்டு.

போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் இறங்கி, படகில் கோஸ்போர்ட். ஐந்து நிமிடம்கூட ஆகாது. அங்கிருந்து பஸ்; இப்போது இங்கிலாந்தில் பெரும்பாலான பஸ்களில் எங்கு போனாலும் ஒரு டிக்கெட் அதிகபட்சம் 3 பவுண்டு. லீ கடற்கரையில் வெயில் சுள்ளென்று அடித்தது, காற்றோ ஸ்வெட்டரைக் கேட்டது. மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் ஒரு தட்டு 13 பவுண்டு. நம் கணக்கில் 1,500 ரூபாய். தட்டு பெரிது, இருவர் தாராளமாகச் சாப்பிடலாம். கடைக்கார அம்மா கேட்காமலே இரண்டு முள்கரண்டி வைத்துக் கொடுத்தார்.

கடலைப் பார்த்து ஒரு வெள்ளைக்கல் தூண் நிற்கிறது. அதைச் சுற்றிச் சுவரில் பெயர்கள், சுமார் 1,900. இரண்டாம் உலகப் போரில் இறந்து, கடலைத் தவிர வேறு கல்லறை கிடைக்காத கடற்படை விமானக்காரர்கள். பெயர்களை ஆண்டு வாரியாகப் படித்துக்கொண்டே போனோம். தம்பி கொஞ்ச நேரத்தில் பேசுவதை நிறுத்திவிட்டான்.

கொஞ்ச தூரம் நடந்தால் கடல் விமானங்களை இறக்கிய சரிவுப் பாதை இன்னும் இருக்கிறது. 700-இன் முதல் பிறவி இதுபோன்ற கடல் விமானங்களோடுதான். போர் தொடங்கிய காலத்தில் பெரிய போர்க்கப்பல்களிலும் குரூசர்களிலும் ஒன்றிரண்டு விமானங்கள் இருக்கும். கப்பலின் மேல்தட்டில் இருக்கும் கேட்டபுல்ட் அதைக் கடலின் மேல் வீசி எறியும். எதிரிக் கப்பல் எங்கே என்று பார்த்துவிட்டு வந்து கப்பலுக்குப் பக்கத்தில் தண்ணீரில் இறங்க வேண்டும். அலை அதிகமாக இருந்தால் கப்பல் ஒரு வளைவு அடிக்கும். அந்த வளைவுக்கு உட்பக்கம் சற்று நேரம் தண்ணீர் அடங்கியிருக்கும். அதற்குள் இறங்கி, கிரேன் கொக்கியை ஒருவர் இறக்கை மேல் ஏறி நின்று மாட்ட வேண்டும். வட அட்லாண்டிக்கில், குளிர்காலத்தில்.

இப்படிக் கப்பல் கப்பலாகச் சிதறிக் கிடந்த விமானங்களை எல்லாம் 1940 ஜனவரி 21 அன்று ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுக்கூட்டத்தின் ஹாட்ஸ்டனில் ஒரே எண்ணுக்குக் கீழ் கொண்டுவந்தார்கள். அதுதான் 700. தலைமையகம் ஹாட்ஸ்டன், விமானங்கள் உலகத்தின் எல்லாக் கடல்களிலும். அதே ஆண்டு ஏப்ரல் 13 அன்று நார்வேயின் நார்விக் அருகே, வார்ஸ்பைட் கப்பலிலிருந்து கிளம்பிய ஸ்வார்ட்ஃபிஷ் மிதவை விமானம் யு-64 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை மூழ்கடித்தது. அந்தப் போரில் பிரிட்டிஷ் கடற்படை விமானம் ஒன்று மூழ்கடித்த முதல் ஜெர்மன் நீர்மூழ்கி அது. ஓட்டியவர் ஃபிரெட் ரைஸ், அதிகாரிகூட இல்லை, பெட்டி ஆஃபிசர். அன்றைக்கு அந்தக் குறுகலான கடற்கழிக்குள் நுழைந்த வார்ஸ்பைட்டுக்கு, விமானத்தில் இருந்தவர்கள் பார்த்துச் சொன்ன தகவல் பெரிதும் உதவியது.

ரேடார் வந்தது, சின்ன விமானந்தாங்கிக் கப்பல்கள் வந்தன. கேட்டபுல்ட் விமானத்துக்கு வேலை குறைந்தது. 1944 மார்ச்சில் 700-ஐக் கலைத்தார்கள்.

இரவு சவுத்தாம்ப்டனில் தம்பி வீட்டில் ரசமும் உருளைக்கிழங்கு பொரியலும்.

ஜூன் 11, புதன்: யோவில், யோவில்டன்

சாலிஸ்பரி வழியாக யோவில் ஜங்ஷன். ஸ்டேஷன் ஊருக்கு வெளியே வயல் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் வந்து, யோவில்டனில் இருக்கும் கடற்படை விமான அருங்காட்சியகம் பக்கம் போகும் பஸ்ஸுக்காக நின்றோம். பலகையில் போட்டிருந்த பஸ் வரவே இல்லை. ஒரு மணி நேரம் கழித்து அடுத்ததும் இல்லை. பக்கத்தில் காய்கறிப் பையோடு நின்றிருந்த அம்மாள், "எங்கே போகிறீர்கள்?" என்று விசாரித்தார். சொன்னதும் வீட்டுக்குப் போன் போட்டார். அவர் கணவர் கார் கொண்டு வந்து எங்களை அருங்காட்சியக வாசல்வரை, ஏழு மைலுக்கு மேல், கொண்டுபோய் விட்டார். பெட்ரோலுக்கு என்று தம்பி நீட்டிய நோட்டைப் பார்க்கக்கூட இல்லை. "திரும்பும்போது டாக்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். திரும்ப டாக்சிக்கு 28 பவுண்டு ஆனது.

யோவில் ஹெலிகாப்டர் ஊர். வெஸ்ட்லேண்ட் தொழிற்சாலை இங்கேதான்; வெசெக்ஸ், சீ கிங், லிங்ஸ், மெர்லின், வைல்ட்கேட் எல்லாம் இங்கே உருவானவை. அங்கே செய்ததைக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் யோவில்டன் தளத்தில் கடற்படை ஓட்டிப் பார்த்தது. அருங்காட்சியகமும் அதே தளத்தின் ஓரத்தில் இருப்பதால் உள்ளே பழைய விமானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளியே வைல்ட்கேட் கிளம்பும் சத்தம் கூரையை உலுக்குகிறது.

முதலில் வால்ரஸ் முன்னால் போய் நின்றேன். 700-இன் கேட்டபுல்ட் காலத்து வண்டி. ஸ்பிட்ஃபயரை வடிவமைத்த ஆர். ஜே. மிட்செலின் கைவேலை என்று சொன்னால் நம்புவது கஷ்டம்: இரட்டை இறக்கை, படகு போன்ற உடம்பு, பின்னோக்கிப் பார்க்கும் புரொப்பெல்லர். தம்பி சுற்றிச் சுற்றி வந்து, "இது பறக்குமாண்ணா?" என்றான். மணிக்கு 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல் பறந்தது. கடலில் விழுந்து தத்தளித்த எத்தனையோ விமானிகளை இதே வகை விமானம்தான் தூக்கிவந்தது.

1944 அக்டோபரில் 700 இரண்டாவது முறை பிறந்தபோது அதன் வேலையே வேறு. பழுது பார்த்த விமானத்தை முதலில் மேலே கொண்டுபோய், சரியாக இருக்கிறதா என்று சொல்லும் விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பது. டோனிப்ரிஸ்டிலில் தொடங்கி, ஊர் ஊராக மாறி, இந்த யோவில்டனுக்கு வந்து 1949-இல் கலைந்தது. போர் விமானி எதிரியின் குண்டுக்குப் பயப்பட வேண்டும். இவர்கள் பயப்பட வேண்டியது யாரோ ஒருவர் சரியாக முடுக்காமல் விட்ட ஒரு நட்டுக்கு. பீளமேட்டுத் தளத்திலும் பழுது பார்த்த விமானத்தை யாராவது முதலில் மேலே கொண்டுபோயிருக்க வேண்டுமே.

பிறகு 1955-க்குப் பின் வந்ததுதான் நான் மிகவும் மதிக்கும் 700. புது வகை விமானமோ ஹெலிகாப்டரோ வந்தால், 700-க்குப் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து ஒரு சின்ன ஸ்குவாட்ரனை உருவாக்குவார்கள். சாதாரணமாக நீண்ட காலத்தில் பறக்க வேண்டிய மணிக்கணக்கைச் சில மாதங்களுக்குள் பறந்து தீர்ப்பது அதன் வேலை. எது முதலில் தேய்கிறது, எது உடைகிறது, எத்தனை உதிரி பாகம் கையிருப்பில் வேண்டும், ஒரு எஞ்சினைக் கழற்றி மாட்ட எத்தனை பேர், கப்பலில் இடம் போதுமா என்று எல்லாவற்றையும் எழுதி வைப்பார்கள். முதல் விமானிகளையும் மெக்கானிக்குகளையும் பயிற்சியாளர்களையும் தயார் செய்வார்கள். அப்புறம் கலைந்துவிடுவார்கள். வெள்ளோட்டம் விட்டவர்களின் எண் போய்விடும். அந்த ஆட்களோடும் அறிவோடும் 800 வரிசையில் ஒரு புது ஸ்குவாட்ரன் பெயர் வாங்கும்.

சிமிட்டார் ஜெட்டுக்கு 1957-இல் ஃபோர்டில் 700எக்ஸ். சீ விக்ஸனுக்கு 1958-இல் 700ஒய். பக்கனீருக்கு 1961-இல் ஸ்காட்லாந்தின் லாசிமவுத்தில் 700இசட். ஃபேன்டத்துக்கு 1968-இல் இங்கே 700பி. லிங்ஸுக்கு 1976-இல் 700எல். அதில் நெதர்லாந்துக் கடற்படையினரும் சேர்ந்து பறந்தார்கள். அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு விமானமாக நகரும்போது நான் எழுத்தைச் சொல்ல, தம்பி போனில் எழுதிக்கொண்டே வந்தான்.

சிமிட்டாரிடம் அதிக நேரம் நின்றோம். முரட்டு விமானம், இரண்டு எஞ்சின். 700எக்ஸ் முடிந்து 1958-இல் 803 ஸ்குவாட்ரன் அதை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் விக்டோரியஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலில், பத்திரிகைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, 803-இன் கமாண்டர் ஜான் ரஸ்ஸல் சரியாகத்தான் இறங்கினார். விமானத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பி அறுந்தது. விமானம் தட்டின் விளிம்பு தாண்டிக் கடலில் விழுந்தது. கண்ணாடி மூடியைத் திறக்க முடியவில்லை. மீட்க வந்த ஹெலிகாப்டர் தலைக்கு மேலேயே நின்றும் அவரை எடுக்க முடியாமல் விமானம் மூழ்கியது. எவ்வளவு சோதித்தாலும் ஒரு கம்பி மிச்சம் இருக்கிறது. சோதனை வேலை முக்கியமில்லை என்று நினைப்பவர்கள் இந்த விமானத்துக்கு முன் ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

சீ ஹாரியர் போர் விமானத்திடம் வந்தபோது எங்கள் இருவருக்கும் உற்சாகம். 1979-இல் இங்கேதான் 700ஏ அதைப் பழகியது. 1980 மார்ச் கடைசியில் 899 ஸ்குவாட்ரனாக மாறியது. இரண்டே ஆண்டில் ஃபாக்லாந்து போர்; அதில் வான்சண்டையில் ஒரு சீ ஹாரியர்கூட வீழவில்லை. நம் கடற்படை விமானிகளும் இதே யோவில்டனில்தான் சீ ஹாரியர் ஓட்டப் பழகினார்கள். 1983 டிசம்பர் 16 அன்று முதல் மூன்றும் கோவா டபோலிமில் இறங்கின. அந்த அணிக்குத் தலைமை தாங்கி வந்த அருண் பிரகாஷ் பின்னாளில் நம் கடற்படைத் தளபதியானார். 700ஏ எழுதி வைத்த பாடத்தில் கொஞ்சமாவது கோவாவரை வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஜூன் 12, வியாழன்: யோவில்டன் தேவாலயம், ரயில்

காலையில் தூறல். யோவில்டன் ஊர்த் தேவாலயம் இப்போது கடற்படை விமானப் பிரிவின் நினைவாலயம். உள்ளே யாரும் இல்லை. மரமும் மெழுகும் கலந்த வாசனை. பக்கத்தில் கடற்படைக் கல்லறைகள். பெரும்பாலும் இருபதுகளில் இறந்தவர்கள்.

தம்பி இங்கிருந்து சவுத்தாம்ப்டன் திரும்பினான். நான் காஸில் கேரியில் கார்ன்வால் ரயில் ஏறினேன். எக்ஸிடர் தாண்டியபின் டாலிஷ் என்ற இடத்தில் தண்டவாளம் கடலோரச் சுவரின் மேலேயே ஓடுகிறது. எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன், "இந்தப் பக்கம் வாருங்கள், இங்கிருந்து நன்றாகத் தெரியும்" என்று தன் ஜன்னல் இருக்கையைக் கொடுத்தான்.

ரெட்ரூத்தில் இறங்கி பஸ்ஸில் ஹெல்ஸ்டன். 1962-இலேயே பயணிகள் ரயில் நின்றுபோன ஊர். தங்கின அறை ஒரு நாளைக்கு 70 பவுண்டு, காலை உணவோடு. ராத்திரி முழுக்க இடி, மழை.

ஜூன் 13, வெள்ளி: ஹெல்ஸ்டன், கல்ட்ரோஸ்

ஹெல்ஸ்டன் கடைவீதி சரிவானது. நடைபாதை ஓரத்தில் கல்லில் வெட்டிய கால்வாய், அதில் தெளிந்த தண்ணீர் சலசலவென்று ஓடுகிறது. ராத்திரி மழையில் வேகம் கூடியிருந்தது. ஒரு பேக்கரியில் சீஸும் வெங்காயமும் வைத்த பாஸ்டி, 4 பவுண்டு 80. சுரங்கத் தொழிலாளர்கள் கையில் பிடித்துச் சாப்பிட்ட பலகாரம் அது. ஒன்று தின்றால் மதியச் சாப்பாடு வேண்டாம்.

ஊரிலிருந்து நடந்தே கல்ட்ரோஸ் போனேன். 1947-இல் திறந்த தளம். ஹெலிகாப்டர்களுக்கு ஐரோப்பாவின் பெரிய தளங்களில் ஒன்று. வேலிக்கு வெளியே பொதுமக்கள் நின்று பார்க்க இடம் உண்டு. போய்ச் சேர்ந்தபோது மூடுபனி. ஓடுபாதை எங்கே என்றே தெரியவில்லை. லிசார்ட் தீபகற்பத்தில் கோடையிலும் கடலிலிருந்து பனி இப்படி ஏறிவருமாம். ஏற்கெனவே நான்கைந்து பேர் மடக்கு நாற்காலி, தெர்மாஸ் ஃபிளாஸ்க்கோடு காத்திருந்தார்கள். ஒரு பெரியவர் எனக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். சீ கிங் ஹெலிகாப்டரில் மெக்கானிக்காக இருந்தவராம்.

சீ கிங்குக்கு 1969-இல் 700எஸ் இங்கே தொடங்கியது. அதற்கு முன் 1960-இல் வெசெக்ஸுக்கு 700எச்சும், 1963-இல் வாஸ்ப்புக்கு 700டபிள்யூவும் இங்கேதான். பெரியவர் 700எஸ் முடிந்தபின் வந்து சேர்ந்தவர். ஆனால் அதில் இருந்தவர்களிடம் வேலை கற்றவர். "எங்களுக்கு மேலே இருந்தவர்கள் எதையும் இரண்டு முறை சொல்ல மாட்டார்கள். முதல் முறையே கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துவிடுவார்கள். இங்கேதான் சூடாகும், இங்கேதான் கசியும் என்று அவர்களுக்குத் தெரியும்" என்றார். நான் இந்தியா என்றதும், "உங்கள் கடற்படையும் சீ கிங் வைத்திருந்ததே, நல்ல ஆட்கள்" என்று கையைக் குலுக்கினார்.

மெர்லினுக்கு வந்த 700எம் பற்றிக் கேட்டேன். 1998 டிசம்பரில் தொடங்கி 2008 மார்ச் வரை, கிட்டத்தட்ட பத்து ஆண்டு. கருவிகளும் கம்ப்யூட்டரும் சிக்கலானபோது வெள்ளோட்டமும் நீண்டுபோனது. "இயந்திரம் உடைந்தால் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். மென்பொருள் உடைந்தால் எங்கே போய்ப் பார்ப்பது?" என்றார் பெரியவர்.

மதியம் பனி விலகியது. இரண்டு மெர்லின்கள் அடுத்தடுத்துக் கிளம்பி, எங்கள் தலைக்கு மேலே கடல் பக்கம் திரும்பின. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் சீக்கிரமே எல்லாம் அடங்கிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் வாரத்தின் முதல் நாட்களில் வருவது நல்லது.

ஜூன் 14, சனி: லிசார்ட், ப்ரெடானக்

பஸ்ஸில் லிசார்ட் ஊர். பிரிட்டன் பெருநிலத்தின் தென்கோடி. இங்கே கறுப்பு மரக் குடிசை ஒன்று இருக்கிறது. 1901 ஜனவரியில் மார்க்கோனி 186 மைல் தள்ளி ஐல் ஆஃப் வைட் தீவிலிருந்து வந்த கம்பியில்லாச் செய்தியை வாங்கிய இடம். சோதனைக்காரர்களுக்கு இந்த மண் ராசியானது போலும்.

கைனன்ஸ் கடற்கரையை ஒட்டிய பாறைப் பாதையில் வடக்கே நடந்தால் ப்ரெடானக் விமானத்தளம். 1941-இல் திறந்தது, இப்போது கல்ட்ரோஸின் துணைத்தளம். சனிக்கிழமை, ஆள் நடமாட்டம் இல்லை. காற்று தள்ளித் தள்ளி விட்டதில் நேராக நிற்க முடியவில்லை.

700-இன் இன்றைய பிறவி இந்த வட்டாரத்தில்தான். 2014-இல் கல்ட்ரோஸில் தொடங்கிய 700எக்ஸ். சிமிட்டாருக்கு வைத்த அதே எழுத்து. இவர்களுடையது ஆளில்லா விமானங்கள். முதலில் ஸ்கேன் ஈகிள்: போர்க்கப்பலின் தட்டிலிருந்து கேட்டபுல்ட் எறியும், வேவு பார்த்துத் திரும்பி வரும், கயிற்றில் கொக்கி மாட்டிப் பிடிப்பார்கள். சின்னச் சின்ன அணிகளாகப் பிரிந்து கப்பல் கப்பலாகப் போகிறார்கள். புது ட்ரோன்களை ஓட்டிப் பார்ப்பதும் மற்ற கப்பல்களின் ஆட்களுக்குக் கற்றுத்தருவதும் இவர்கள் வேலை. 1940-இன் வால்ரஸ்காரர்களுக்கு இதில் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. இறக்கை மேல் ஏறி நிற்க வேண்டிய ஆள் மட்டும் இல்லை. அது ஒன்றே எனக்குப் பெரிய நிம்மதி.

நாயோடு எதிரே வந்த அம்மாளிடம் ட்ரோன் பறப்பதைப் பார்ப்பீர்களா என்று கேட்டேன். "வார நாட்களில் சத்தம் கேட்கும். என் பேரன் அந்த வேலைக்குத்தான் படிக்கப் போகிறேன் என்கிறான்" என்றார். திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று தன் போனில் பார்த்துச் சொல்லி, மழை வருவதற்குள் போய்விடுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

லிசார்ட் ஊரில் இரண்டு ஸ்கோன், ஸ்ட்ராபெர்ரி ஜாம், கெட்டிக் கிரீம், ஒரு பானை டீ: 9 பவுண்டு. கார்ன்வாலில் ஜாம் முதலில், கிரீம் மேலே. பரிமாறிய பெண் அதைக் கண்டிப்பாகச் சொன்னார். பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. ரெட்ரூத்தில் லண்டன் ரயில் நாற்பது நிமிடம் தாமதம். காத்திருந்த நேரத்தில் ஆர்க்னிக்குப் போகும் கப்பல் விவரங்களைப் பார்த்தேன். ஹாட்ஸ்டன் தளம் இருந்த இடத்தில் இப்போது தொழிற்பேட்டையும் கப்பல்துறையும் இருக்கின்றன. அபர்டீனிலிருந்து வரும் கப்பல் அங்கேதான் கரை சேர்கிறது.